ஒரு ஃபேன், இரண்டு லைட்

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றா சொல்கிறீர்கள்? சோலார் பேனல் நல்லது. பேட்டரி நல்லது. கன்ட்ரோலர் நல்லது. வயர்கூட அளவுக்குத் தகுந்த வயர்தான். அப்படியானால் ஆழியாறு அணையில் பட்டப்பகலில் வேனில் எல்லாம் ஏன் நின்றது? தனித்தனியாகப் பார்த்தால் நல்லது, சேர்ந்தால் மட்டும் கெட்டது என்றால், நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

மீட்டரைப் பைக்குள் வைத்துவிடாதீர்கள் சார். இன்னொரு முறை வைத்துப் பார்க்கலாம். உங்களைக் குறை சொல்லவில்லை. உடுமலையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். அந்த ஸ்டூலில் உட்காருங்கள். வேனுக்குள் வேண்டாம், இந்நேரம் தகரம் கொதிக்கும்.

வேனில் என்னென்ன போட்டு ஓட்டினீர்கள் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். சொல்லாமல் எங்கே போய்விடப் போகிறேன். அதற்கு முன்னால் நான் ஒன்று கேட்கிறேன். பொள்ளாச்சியில் சோலார் கடை வைத்திருக்கும் செலினை உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. சரி. பேர்கூடக் கேள்விப்பட்டதில்லை. சரி, நம்புகிறேன். முதல் நாள் அவளும் இதே கேள்வியைத்தான் கேட்டாள். அதனால்தான் விசாரித்தேன்.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. தேங்காய் மண்டியில் முப்பது வருடத்துக்கு மேல் எண்ணிக்கை பார்த்தவன். எண்ணுகிறவன் பேசினால் எண்ணிக்கை போய்விடும். டெம்போ டிரைவர் வராத நாளில் வண்டியும் ஓட்டுவேன். அதிலும் பேச்சுக்கு வேலையில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டேன். ஆனால் ஒரு லோடில் பத்துக் காய் குறைந்தால் குவியலைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

இந்த வேன் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு இரண்டு பலகைக் கட்டில் போட்டேன். எதற்கு இந்த வயதில் என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். என் வீட்டுக்காரி தெய்வானை, ஆழியாறு அணை கட்டும்போது கூலிக்காரர் லைன் வீட்டில் பிறந்தவள். அவளுடைய அப்பா கல் வேலை செய்தவர். ஆழியாற்றுக்கு முன்னால் நாகார்ஜுன சாகரில் கொஞ்ச காலம் வேலை பார்த்திருக்கிறார். அவ்வளவு பெரிய அணையைக் கல்லாலேயே கட்டினோம் என்று சொல்லிச் சொல்லியே மகளை வளர்த்திருக்கிறார். மற்ற பெண்கள் காசிக்குப் போகணும் என்பார்கள். இவளுக்கு அணையைப் பார்க்கணும். வழியில் மேட்டூர், துங்கபத்திரா, கடைசியில் நாகார்ஜுன சாகர். ஒரு மாதம் ஆகும். நான் வேலையை விட்ட அன்றே கேட்டுவிட்டாள். வேறு எதுவும் அவள் என்னிடம் கேட்டதில்லை.

அதனால் செலின் கடைக்குப் போனோம். நாற்பது வயது இருக்கும். அவள் புருஷன் வெளிநாட்டில் இருக்கிறாராம், கடையை இவளே பார்க்கிறாள். பெண்பிள்ளைகளிடம் நின்று பேசி எனக்குப் பழக்கமில்லை. அது ஒன்று.

"சொல்லுங்கய்யா, வண்டியில என்னென்ன ஓடணும்?" என்றாள்.

"எதுக்குங்க?" என்றேன்.

"கணக்குப் போடத்தாங்க. ஃபேன் எத்தனை, எவ்வளவு நேரம் ஓடும், லைட் எத்தனை, ஃபிரிட்ஜ் வெப்பீங்களா, மிக்ஸி உண்டா..."

சார், நீங்களே யோசியுங்கள். ஃபேன் எத்தனை, ஃபிரிட்ஜ் உண்டா, மிக்ஸி உண்டா. இந்தக் கேள்வியோடு எங்கள் தெருவுக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள். கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிக்கொண்டு அரசாங்கத்திலிருந்து வருவார்கள். பக்கத்து வீட்டு மாரண்ணன் இருப்பதை இருப்பதாகச் சொன்னார். அடுத்த வருடம் அவருக்கு வந்துகொண்டிருந்த ஏதோ ஒரு சலுகை நின்றுபோனது. இதனால்தான் நின்றது என்று நான் சாட்சி சொல்ல மாட்டேன். ஆனால் நின்றது. அன்றிலிருந்து யாராவது கணக்கெடுக்க வந்தால், எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜின் மேல் போர்வையைப் போட்டு மூடி, அதன்மேல் முருகன் படத்தை வைத்துவிடுவோம். ஒருமுறை வந்த பெண் அதைக் கும்பிட்டுவிட்டே போனாள்.

யார் கேட்டாலும் ஒரு ஃபேன், இரண்டு லைட். அது எங்கள் வீட்டுப் பதில். யோசித்துச் சொல்வது இல்லை, தும்மல் மாதிரி வந்துவிடும்.

"ஒரு ஃபேனுங்க. ரெண்டு லைட்டு. போன் சார்ஜு" என்றேன்.

"ஃபிரிட்ஜு?"

"அதெல்லாம் எங்களுக்கு எதுக்குங்க."

தெய்வானை பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

"எத்தனை நாள் போவீங்க?"

"ரெண்டு மூணு நாளுங்க."

"எவ்வளவுக்குள்ள முடிக்கணும்?"

மனதில் பதினைந்தாயிரம் வைத்திருந்தேன். "பத்துங்க" என்றேன்.

தெய்வானை எழுந்து வெளியே போய் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

அதன்பிறகு அந்தப் பொண்ணு கணக்குப் போட்டாள். ஒரு நாளைக்கு உங்களுக்கு இவ்வளவு கரண்ட் வேண்டும் என்று ஓர் எண் சொன்னாள். சரி என்றேன். கூட மூன்றில் ஒரு பங்கு சேர்க்கணும் என்றாள்.

"அது எதுக்குங்க?"

"வயர்ல கொஞ்சம் போகுங்கய்யா. சூட்டுல கொஞ்சம் போகும். மேகம் வந்தா கொஞ்சம் போகும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மண்டியில் ஆயிரம் காய் எண்ணினால் தோட்டத்துக்காரரிடம் மேலே கொஞ்சம் காய் வாங்கிக்கொள்வார்கள். லாபக்காய் என்று பேர். அழுகலில் கொஞ்சம் போகும், உடைசலில் கொஞ்சம் போகும் என்று காரணம் சொல்வார்கள். அழுகலே இல்லாத லோடிலும் என் கையால் நானே எடுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் போகும், போகும் என்று யாராவது சொன்னால் அது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். "அந்த லாபக்காயெல்லாம் வேண்டாங்க, கணக்குக் காய் மட்டும் குடுங்க" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

அடுத்து பேட்டரி. அறுபது ஆம்பியர் பேட்டரி வையுங்கள் என்கிறாள். சரி, அறுபதையும் எடுத்துக்கொள்ளலாமா என்றால், இல்லையாம். பாதிதான் எடுக்கணுமாம். அதற்குமேல் எடுத்தால் பேட்டரி சீக்கிரம் போய்விடுமாம்.

"அப்ப மீதி முப்பது?"

"உள்ளேயே இருக்குங்கய்யா."

"நான் தொடக்கூடாத முப்பதுக்கு நான் எதுக்குங்க காசு தரணும்?"

"உங்க வீட்டுத் தண்ணித் தொட்டியில அடித்தண்ணிய எடுத்துக் குடிப்பீங்களா?"

பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். அதனால் விட்டுவிட்டேன். ஆனால் நீங்கள் சொல்லுங்கள். முழுத் தேங்காய்க்கு விலை வாங்கிக்கொண்டு ஒரு மூடியை மட்டும் உடைக்கச் சொன்னால் நீங்கள் வாங்குவீர்களா?

பேனலையும் நான் சும்மா வாங்கவில்லை. மூன்று கடையில் போய்க் கட்டங்களை எண்ணினேன். எல்லாவற்றிலும் முப்பத்தாறு கட்டம். ஆனால் ஒன்று நூறு வாட் என்கிறான், ஒன்று எழுபத்தைந்து என்கிறான். எண்ணிக்கை ஒன்றாக இருக்கும்போது விலை எப்படி வேறாகும்? செலினிடமே கேட்டேன். "கட்டம் பெருசு சிறுசு இருக்குங்கய்யா. தேங்காயில இல்லையா?" என்றாள். நான் மண்டியில் இருந்தவன் என்று அவளுக்கு யார் சொன்னது? தெய்வானைதான் சொல்லியிருக்க வேண்டும். என் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேரும் பேசுகிறார்கள் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

கடைசியில் எழுபத்தைந்து வாட் பேனல், நாற்பது ஆம்பியர் பேட்டரி. "நீங்க சொன்னதுக்கு மேல ஒண்ணும் போடக்கூடாதுங்கய்யா. இது இழுத்துப் பிடிச்ச கணக்கு. அப்புறம் என்னையச் சொல்லக்கூடாது" என்றாள். விற்கிறவள் முன்கூட்டியே என்னைச் சொல்லாதே என்கிறாள் என்றால் என்ன நினைப்பது?

குளிர்பெட்டியா? எந்தக் குளிர்பெட்டி?

ஓ, பார்த்துவிட்டீர்களா. கட்டிலுக்கு அடியில்தானே வைத்திருந்தேன்.

அது காரில் வைக்கிற சின்னப் பெட்டி. கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய சாமான் கடையில் வாங்கினேன். போன் சார்ஜ் போடும் ஓட்டையிலேயே செருகிவிடலாம். அதனால் அது போன் கணக்கில்தான் வரும் என்று நினைத்தேன். தெய்வானைக்குச் சர்க்கரை. இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். மருந்து குளிர்ச்சியில் இருக்கணும். ஒரு மாதத்துக்கு வேண்டிய மருந்து என்றால் கட்டாயம் இருக்கணும். அந்தக் காரணத்தால்தான் நாங்கள் இத்தனை வருடமாக எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல் தங்கியதில்லை.

செலினிடம் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. வீட்டில் இருக்கிற வியாதியைக் கடையில் போய்ச் சொல்வார்களா? பெட்டி என்றால் எதற்குப் பெட்டி என்பாள். மருந்துக்கு என்றால் உடனே பெரிய பேட்டரியைக் காட்டுவாள். மருந்து என்று தெரிந்தால் நம்மால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சரி, ஆழியாற்றைச் சொல்கிறேன்.

முதலில் பக்கத்தில் ஓர் இடம் போய்ப் பார்ப்போம் என்று போனோம். காலையில் அணைக்குப் பக்கத்தில் ஒரு மரத்தைத் தள்ளி வெயில் விழுகிற மாதிரி வேனை நிறுத்தினேன். ஆனால் வெயில் இல்லை. மலைப்பக்கமிருந்து மேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஃபேனைப் போட்டோம். இன்னொரு ஃபேனையும் போட்டோம். ஆமாம், இரண்டு. அவள் கட்டிலுக்கு ஒன்று, என் கட்டிலுக்கு ஒன்று. இரண்டாவதை நானே வாங்கி, வயரை நானே முறுக்கி டேப் சுற்றினேன். ஒரே ஃபேனை இரண்டு பேருக்கும் திருப்பித் திருப்பி வைக்க முடியுமா?

பெட்டி உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. தெய்வானை அணைமேல் நடந்துவிட்டு வந்தாள். சாப்பிட்டோம். நான் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். மூன்றரை மணி இருக்கும், கன்ட்ரோலரில் டிக் என்று ஒரு சத்தம். ஃபேன் இரண்டும் மெதுவாகச் சுற்றி நின்றன. பெட்டியின் சத்தமும் நின்றது. மருந்து, மருந்து என்று பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே என் மோர் பாட்டில் மட்டும் இருந்தது.

"மருந்து எங்க?" என்றேன்.

"பானையில" என்றாள். அவள் பைக்குள் ஒரு சின்ன மண்பானை, அதற்குள் ஈர மணல், மணலுக்குள் ஒரு டப்பா. மருந்து அதில் இருந்தது.

"எப்ப எடுத்து வெச்ச?"

"எடுக்கவே இல்ல. வீட்டுலயே பானையிலதான் வெச்சேன்."

"பெட்டி வாங்கிக் குடுத்திருக்கறனே."

"பெட்டி வாங்கினீங்க. அத கரண்டு கணக்குல சொன்னீங்களா?"

பாருங்கள் சார். ஊரில் எல்லாரையும் சந்தேகப்படுகிறேன் என்று என்னைச் சொல்வாள். இவள் யாரைச் சந்தேகப்பட்டிருக்கிறாள் பார்த்தீர்களா? நாற்பது வருடம் குடும்பம் நடத்திய ஆளை.

வீட்டுக்கு வந்ததும் செலினுக்குப் போன் போட்டேன். எல்லாம் நின்றுவிட்டது என்றேன்.

"வேற ஏதாவது சேர்த்துப் போட்டீங்களாய்யா?"

"இல்லைங்க."

"ஃபேன் ஒண்ணுதான?"

"ஒண்ணுதானுங்க."

"அப்ப பேட்டரியிலதான் குறை இருக்கும். கொண்டாங்கய்யா, புதுசு மாத்திக் குடுத்தர்றேன்" என்றாள்.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. சண்டை இல்லை, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, கேட்டவுடனே மாற்றித் தருகிறேன் என்கிறாள். எந்த வியாபாரி அப்படிச் சொல்வான்? அவளுக்குத் தன் சரக்கைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது. அதனால்தான் உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு எல்லாம் நல்லது என்கிறீர்கள்.

நீங்கள் தலையை ஆட்டுவது புரிகிறது. அவள் கணக்கு நான் சொன்னதை வைத்துப் போட்டது, அதனால் அவள்மேல் தப்பில்லை என்கிறீர்கள். அப்படியில்லை சார். நான் மண்டியில் இருந்தவன். தோட்டத்துக்காரர் இரண்டாயிரம் காய் என்று சொன்னால் நாங்கள் இரண்டாயிரம் என்று எழுதிவிடுவோமா? எண்ணித்தான் எழுதுவோம். ஒரு வயசான ஆள் கடையில் வந்து, பொண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வந்து, ஒரு ஃபேன் போதும் என்றால் அவள் நம்பிவிடுவதா? குறைத்துத்தான் சொல்வான் என்று தெரிய வேண்டாமா? இன்னொரு முறை அழுத்திக் கேட்க வேண்டாமா? சொன்னதைச் சொன்னபடி நம்புகிறவள் எப்படிக் கடை நடத்துகிறாள் என்றுதான் எனக்கு இப்போதும் சந்தேகம்.

மெதுவாகப் பேசுங்கள். சமையல் கட்டு ஜன்னல் திறந்திருக்கிறது. தெய்வானை அங்கேதான் நிற்கிறாள். பாத்திரச் சத்தம் நின்று கொஞ்ச நேரம் ஆகிறது.

அவள் ஒரு முடிவு எடுத்துவிட்டாள். ஆழியாற்றிலிருந்து வந்த மறுநாள் சொன்னாள். "பானை ஒரு நாளைக்குத் தாங்கும். ஒரு மாசத்துக்குத் தாங்காது. உங்க வாய்க்காக அந்தப் பொண்ணு நல்ல பேட்டரிய வாங்கிக்கிட்டுப் புதுசு குடுத்து நஷ்டப்படும். என்னென்ன ஓடும்னு உள்ளதை உள்ளபடி நீங்க அவகிட்டச் சொல்லணும். உங்க வாயால சொல்லணும். அதுவரைக்கும் நான் அந்த வேன்ல ஏற மாட்டேன்." 

ஏற மாட்டேன் என்றால் ஏற மாட்டாள். நான்கு நாளாக அந்தப் பக்கமே வரவில்லை. வேன் கதவுக்கு நேரே துணி காயப்போடுவாள், இப்போது அதைக்கூடப் பின்பக்கம் கொண்டுபோய்விட்டாள். இந்த மாதம் கிளம்பாவிட்டால் அந்தப் பக்கமெல்லாம் வெயில் தாங்காது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன். "அடுத்த வருஷம் என் கால் என்ன சொல்லுதோ" என்றாள். சர்க்கரைக்குக் காலில் மரப்பு வர ஆரம்பித்துவிட்டது. அதை யாரிடமும் சொல்லாதீர்கள்.

அதனால் சார், ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன். செலின் நம்பர் தருகிறேன். நீங்கள் பேசுங்கள். நீங்களாகவே வண்டியைச் சோதனை போட்டுக் கண்டுபிடித்ததாகச் சொல்லுங்கள். பெட்டியைக் கண்டுபிடித்தது நீங்கள்தானே, அது பொய்யில்லையே. ஃபேன் இரண்டு, பெட்டி ஒன்று என்று சொல்லி, புதுக் கணக்கு போட்டு வாங்கிக் கொடுங்கள். நானும் ஒத்துக்கொள்கிறேன். சொல்லவேண்டியது சொன்ன மாதிரியும் ஆயிற்று.

ஏன் சார் ஜன்னலைப் பார்க்கிறீர்கள்?

வந்துவிட்டாள். டீ கொண்டு வருவாள் என்று நினைத்தேன். கையில் போன் இருக்கிறது.

"ரிங் போகுது. பேசுங்க" என்கிறாள். கேட்டீர்களா, யாருக்கு என்றுகூடச் சொல்லவில்லை.

ஹலோ. ஆமாங்கம்மா, சென்னியப்பன்தான் பேசறேன். இல்லீங்க, பேட்டரி மாத்த வேண்டாங்க. அது நல்லாத்தான் இருக்குது. ஒருத்தர் வந்து பார்த்துட்டாரு... உடுமலைக்காரருங்க. ஆளு பரவாயில்லை மாதிரித்தான் தெரியுது.

எழுதிக்கறீங்களா? ஃபேன் ரெண்டுங்க. ஆமா, ரெண்டு. இல்லீங்க, இப்பச் சேர்த்ததில்லை, முதல்லயே ரெண்டுதான். அப்புறம் குளிர்பெட்டி ஒண்ணு. வீட்டுல அவளுக்குச் சர்க்கரைங்க. ஊசி மருந்து. ஆமா, எப்பவும் ஓடணும்... இல்லீங்கம்மா, நீங்க எதுக்கு வருத்தப்படறீங்க. நீங்க கேட்டீங்க, நான்தான்... சரிங்க. நாள், ஒரு மாசங்க. மூணு நாளில்லை. காசு பதினஞ்சு வரைக்கும் போலாம். இருங்க, என்னமோ சொல்றா. பதினெட்டாங்க. அவ சீட்டுக் காசு இருக்குதாம், எனக்கே இப்பத்தான் தெரியும். அந்த லாபக்காய்... அதான், வயர்ல போறது, மேகத்துல போறது, அதையும் சேர்த்தே போட்டுருங்க.

லைட்டுங்களா? ரெண்டுதான். அது நெசமாலுமே ரெண்டுதானுங்க. எவ்வளவு நேரமா?

சார், நீங்கள் கொஞ்சம் அந்தப் பக்கம் போய் பேனலைப் பார்க்கிறீர்களா? பார்த்தாகிவிட்டது என்று தெரியும். இன்னொரு முறை பாருங்கள்.

ம், சொல்றனுங்க. ஒண்ணு சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும். இன்னொண்ணு ராத்திரி பூரா எரியணுங்க. இல்லீங்க, அவளுக்கில்லை. அவ எந்த இருட்டுலயும் தூங்கிருவா. எனக்குங்க.

ஆமாங்கம்மா. விடியற வரைக்கும்.